ஆடுகளத்துக் கோடுகளை வரைந்தவர் யார்?

விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏடொன்றிற் சிந்திக்கப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். பாரதூரமான பிரச்சினைகள் பல எம்முன் கிடக்கையில் பந்தெறிதலையும் பந்து பிடித்தலையும் பற்றிப் பேசுவதால் என்ன பயன் என்று அவர்கள் வினவுவர். ஆயின், ஒரு சமுதாயம் மனிதரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிவதற்கு அதன் சட்டநூல்களைக் காட்டிலும் அதன் விளையாட்டு விதிகள் சில வேளைகளில் தெளிவாக உதவுகின்றன. சட்டம் பல்லாயிரம் சொற்களுள் தன் நோக்கத்தை மறைத்துக்கொள்ள வல்லது. விளையாட்டு விதியோ சில பக்கங்களுள் அடங்குவது. யார் ஓடலாம், எவ்வளவு தூரம் ஓடலாம், எதை உடுத்தலாம் என்பவற்றை அது ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றது.

விதியில்லாமல் ஆட்டமில்லை. கிளித்தட்டு மறிக்கும் சிறுவர்கூட மண்ணிற் கோடு கீறிய பின்னரே ஆடத் தொடங்குவர். எனவே, கோடு வேண்டுமா வேண்டாமா என்பதன்று எமது வினா. ஒரு கோடு எப்பொழுது நீதியாகின்றது, எப்பொழுது சிறையாகின்றது என்பதே வினா. இதற்கு விடை தேடுவதற்குப் பெண்களின் பந்தாட்ட வரலாறு தக்கதொரு களமாக அமைகின்றது.

முதலிற் பெயர்க் குழப்பமொன்றைத் தீர்த்துக்கொள்வோம். வலைக்கு மேலாகப் பந்தை அடித்து ஆடும் ஆட்டத்தை நாம் கரப்பந்து என்கின்றோம். தமிழகத்தார் அதனையே கைப்பந்து என்பர். இக்கட்டுரையில் நாம் கைப்பந்து எனக் குறிப்பது ஹேண்ட்போல் எனப்படும் வேறோர் ஆட்டத்தை. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட களத்தில், அணிக்கு எழுவராக நின்று, பந்தைக் கையால் எறிந்து எதிரணியின் கோலுக்குட் செலுத்தும் ஆட்டம் அது. ஐரோப்பாவிற் பெருஞ் செல்வாக்குப் பெற்ற இவ்வாட்டம் ஆசியாவிலும் வேரூன்றியுள்ளது. 2024 டிசெம்பரில் ஆசிய மகளிர் கைப்பந்துச் சம்பியன் போட்டி புதுடில்லியில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் யப்பான் தென் கொரியாவை 25-24 என்ற கணக்கில் வென்றது. ஒரே ஒரு கோல்தான் வேறுபாடு. வேகமும் மோதலும் நிறைந்த இவ்வாட்டம், பெண்ணின் உடல் நொய்யது என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்ட ஓர் ஆட்டத்தின் வழித்தோன்றல் என்பதை இன்று அதனைப் பார்ப்பவர் எளிதில் நம்பமாட்டார்.

1917ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மக்ஸ் ஹெய்சர் என்பவர் பேர்ளின் நகரில் இவ்வாட்டத்துக்கு விதிகளை வகுத்தார். அவர் அதனைப் பெண்களுக்கெனவே வகுத்தார். உடலோடு உடல் மோதுதல் கூடாது என்பது அதன் அடிப்படை. இரண்டாண்டுகள் கழிந்தன. 1919இல் கார்ல் ஷெலென்ஸ் என்ற ஆசிரியர் விதிகளை மாற்றினார். பந்து சிறிதாயிற்று, மோதுதல் அனுமதிக்கப்பட்டது, ஆட்டம் ஆண்களுக்குரியதாயிற்று. 1936இல் பேர்ளின் ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றபோது களத்தில் ஆண்களே இருந்தனர். பெண்களுக்கென முதல் உலகப் போட்டி, திறந்த வெளியரங்கில், 1949இல் புடாபெஸ்ற் நகரில் நடைபெற்றது, ஹங்கேரி வென்றது. உள்ளரங்கில் ஆடும் மகளிர் உலகச் சம்பியன் போட்டி 1957இல் யூகோசிலாவியாவில் முதன்முதலாக நடைபெற்றது, செக்கோசிலவாக்கியா வென்றது. ஒலிம்பிக்கின் வாயில் பெண்களுக்குத் திறந்தது 1976இல், மொன்றியல் நகரில். பெண்ணுக்கெனப் பிறந்த ஆட்டம் ஒலிம்பிக் களத்திற் பெண்ணிடம் வந்து சேர 59 ஆண்டுகள் சென்றன.

ஹெய்சரைத் தீயவர் என்று கூறுவது நியாயமன்று. பெண்கள் ஆடவேண்டும் என அவர் விரும்பினார். அவர்களுக்குக் காயம் நேரக்கூடாது என்றும் விரும்பினார். அவரது நோக்கம் கருணையே. ஆயின் அக்கருணையில் ஒரு குறை இருந்தது. எவ்வளவு வேகத்தைத் தாங்கலாம், எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்று ஆடுபவளிடம் கேட்கப்படவில்லை. அவளுக்காகப் பிறரொருவர் விடை கூறினார். பிற்காலத்தில் அவள் தானே விடை கூறும் வாய்ப்பைப் பெற்றபோது அவ்விடை வேறாக இருந்தது. இன்று பெண்களும் ஆண்களும் ஒரே விதிகளின்கீழேயே கைப்பந்து ஆடுகின்றனர். பெண்களின் பந்து சற்றுச் சிறியது என்பதே குறிப்பிடத்தக்க வேறுபாடு.

இதனை ஒத்த வரலாறொன்று எமக்கு மிக நெருக்கமான ஆட்டமொன்றுக்கும் உண்டு. எமது பாடசாலைகளில் மாணவியர் ஆடும் வலைப்பந்தாட்டத்தையே குறிப்பிடுகின்றோம். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதனைத் தம் கல்லூரி மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் அளவுமீறிக் களைத்துவிடலாகாது என்று கருதிய அவர், களத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியையும் அவளுக்குரிய பகுதிக்குள் நிறுத்தினார். நியூ ஓர்லியன்சில் கிளாரா பேயர் என்ற மற்றோர் ஆசிரியையும் 1895இல் பெண்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டார். நெய்ஸ்மித்தின் வரைபடத்தில் இருந்த புள்ளிக் கோடுகள் ஆடுவோர் எங்கு நின்றால் நன்று என்பதைச் சுட்டுவதற்கே இடப்பட்டன என்றும், பேயர் அவற்றைத் தாண்டக்கூடாத எல்லைகளாகப் பொருள்கொண்டார் என்றும் விளையாட்டு வரலாற்றாசிரியர் கூறுவர். யோசனையாக வரையப்பட்ட கோடு, பெண்ணின் காலடியில் வந்தவுடன் மதிலாகிவிட்டது.

பெண்கள் ஆடிய கூடைப்பந்து இங்கிலாந்திலே வலைப்பந்தாக உருமாறி, பிரித்தானியப் பேரரசின் பள்ளிக்கூடங்கள் வழியாக எம்மிடம் வந்தது. பந்துடன் ஓடக்கூடாது, 3 வினாடிகளுக்கு மேல் அதனை வைத்திருக்கக்கூடாது, மார்பில் அணிந்த எழுத்து எந்தப் பகுதியைக் காட்டுகின்றதோ அதற்கு வெளியே கால்வைக்கக்கூடாது, எழுவருள் இருவர் மட்டுமே கோல் போடலாம். இவற்றை மட்டும் படிக்கும் ஒருவர், பெண்ணைக் கட்டிப்போடுவதற்கென இயற்றப்பட்ட ஆட்டம் இதுவெனக் கூறக்கூடும்.

ஆயினும் அத்தகைய முடிவு அவசர முடிவாகும். அதே கோடுகளுக்குள்ளேதான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் உலகறிந்த வீராங்கனையானார். 2 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையவர் அவர். எங்கள் ஊர்களில் அவ்வளவு உயரமான பெண்பிள்ளை எத்தகைய பேச்சுக்களைக் கேட்க நேர்ந்திருக்கும் என்பதை வாசகர் அறிவர். ஆடுகளத்தில் அவ்வுயரமே ஆற்றலாயிற்று. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியச் சம்பியன் பட்டத்தை வென்ற இலங்கை அணிகளில் அவர் இடம்பெற்றார். இன்று வலைப்பந்தாட்டத்தைப் பெண்களே பெரும்பாலும் ஆடுகின்றனர், பெண்களே பயிற்றுகின்றனர், அதன் விதிகளைத் திருத்தும் அவைகளிலும் பெண்களே முதன்மை பெறுகின்றனர். ஒருத்தி தனித்து ஓடிக் கோல் போட முடியாது என்ற அதே கட்டுப்பாடு, எழுவரும் ஒருவரையொருவர் நம்பியே முன்செல்லவேண்டும் என்ற கூட்டு முயற்சியின் அழகாக இப்பொழுது கருதப்படுகின்றது. ஆண்கள் வலைப்பந்து ஆடும் நாடுகளில் அவர்களும் இக்கோடுகளுக்குட்பட்டே ஆடுகின்றனர்.

ஆகவே கோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து அது நீதியா அநீதியா என்று தீர்மானிக்க இயலாது. வேறு மூன்று வினாக்களைக் கேட்டாதல் வேண்டும். ஒன்று, அக்கோடு களத்தில் நிற்கும் அனைவரையும் சமமாகக் கட்டுப்படுத்துகின்றதா? இரண்டு, அதற்குரிய காரணத்தை, கட்டுப்படுபவளின் முகத்துக்கு நேரே கூச்சமின்றிக் கூற முடியுமா? மூன்று, அதனை மாற்றும் அவையில் அவளுக்கும் இடமுண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என விடை கூறக்கூடிய கோடு, எத்துணை இறுக்கமானதாயினும், நீதியின்பாற்பட்டது. இல்லை என்ற விடையைப் பெறும் கோடு, எத்துணை அன்புடன் வரையப்பட்டதாயினும், ஆதிக்கத்தின்பாற்பட்டது.

உடை பற்றிய அண்மைக்காலச் சர்ச்சையொன்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். 2021 யூலையில் பல்கேரியாவின் வார்னா நகரில் ஐரோப்பியக் கடற்கரைக் கைப்பந்துப் போட்டி நடைபெற்றது. பெண்கள் மிகச் சிறிய கீழுடையையே அணிதல் வேண்டும், அதன் பக்க அகலம் 10 சென்றிமீற்றரை மிஞ்சலாகாது என்று விதி இருந்தது. ஆண்களோ தொடைவரை நீண்ட காற்சட்டையுடன் ஆடலாம். நோர்வேயின் பெண்கள் அவ்விதியை மறுத்துக் காற்சட்டை அணிந்து ஆடினர். அவர்களது அணிக்கு 1500 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பல நாடுகளிலும் எழுந்த கண்டனத்தின் பின்னர், அவ்வாண்டின் இறுதிப் பகுதியிற் சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனம் அவ்விதியை மாற்றிப் பெண்களுக்கும் காற்சட்டையை அனுமதித்தது. ஆயினும் பெண்களின் காற்சட்டை குட்டையாகவும் உடலை ஒட்டியும் இருத்தல் வேண்டும் என்ற வேறுபாடு அப்பொழுதும் எஞ்சியது.

அதே ஆண்டு டிசெம்பரில் ஸ்பெயினில் மகளிர் உலகச் சம்பியன் போட்டி நடைபெற்றபோது ஈரான் முதன்முறையாக அதிற் பங்குபற்றியது. அந்நாட்டு அரசின் விதிப்படி அதன் வீராங்கனைகள் தலையையும் உடலையும் முற்றாக மூடியே ஆடினர். அங்கே நோர்வேயும் ஈரானும் ஒரே களத்தில் எதிர்நின்றன. ஒரு நாட்டின் கடற்கரை வீராங்கனைகள் கூடுதலாக உடுத்தமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். மற்ற நாட்டின் வீராங்கனைகள் குறைவாக உடுத்தினால் தண்டிக்கப்படக்கூடியவர்கள். மேற்கு நாட்டின் விதி முற்போக்கானது, கீழை நாட்டின் விதி பிற்போக்கானது என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சந்தைக்குக் காட்டுவதற்காக உடலைத் திறக்கச் சொல்வதும், ஒழுக்கத்தின் பெயரால் மூடச் சொல்வதும் ஒரே மனப்பாங்கின் இரு முகங்களே. இரண்டிலும் அவளது உடல் அவளுடையதன்று. தாமே விரும்பி முக்காடிட்டு ஆடுவோரும் உளர். தாமே விரும்பிக் குறைந்த உடையில் ஆடுவோரும் உளர். இரு சாராருக்கும் உரியது ஒரே உரிமைதான்.

உலகக் களங்களை விட்டு இனி எமது ஊருக்கு வருவோம். கிளிநொச்சியை அடுத்துள்ள உருத்திரபுரம் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் ஊர். வாய்க்கால்களை எண்ணிட்டே இங்கு இடங்களைச் சொல்கின்றோம். பத்தாம் வாய்க்கால் என்றால் அறியாதார் இல்லை. சிறுபோகத்துக்கு முன்னர் ஆண்டுதோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, எத்தனை ஏக்கருக்கு அது போதும், எந்த வாய்க்காலை எப்பொழுது திறப்பது என்பனவெல்லாம் கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகள் இருக்கும் அவையிலே பேசப்படுகின்றன. வாக்குவாதம் எழும், சிலருக்கு மனக்குறையும் ஏற்படும். எனினும் முடிவு ஒன்று எட்டப்பட்டதும் ஊர் அதற்குக் கட்டுப்படுகின்றது. தன்னைக் கட்டுப்படுத்தும் முடிவிலே தன் குரலும் கேட்டது என்பதாலேயே கமக்காரன் அதனைத் தன் முடிவாக ஏற்கின்றான். நீதியான விதி எத்தகையது என்பதற்கு நாம் தத்துவ நூல்களைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

வாய்க்கால் நீருக்கு விதி செய்யும்பொழுது கமக்காரரைக் கூட்டுகின்ற நாம், பெண்பிள்ளையின் மாலைப் பொழுதுக்கு விதி செய்யும்பொழுது யாரைக் கேட்டோம்? விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் வீடு திரும்பவேண்டும். பெரியபிள்ளையானவள் மைதானத்தில் ஓடலாகாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் தமையன் பந்தடிக்கலாம், தங்கை தனியார் வகுப்பிலிருந்து நேரே அடுக்களைக்குச் செல்லவேண்டும். இக்கோடுகள் எந்த விதிநூலிலும் அச்சிடப்படவில்லை. ஆயினும் ஆடுகளத்துச் சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டிலும் இவை அழுத்தமானவை. வலயப் போட்டிக்கும் மாகாணப் போட்டிக்கும் மாணவியரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஆற்றல் மிக்க பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதில் ஒவ்வொருவராக அணியை விட்டு விலகுவதைக் காண்கின்றனர். அப்பிள்ளைகளின் கால்கள் சோர்ந்துவிடவில்லை. அவர்கள் மீது கோடு ஒன்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாம் முன்னர் கூறிய மூன்று வினாக்களையும் இங்கும் கேட்போம். இக்கோடு மகனையும் மகளையும் சமமாகக் கட்டுப்படுத்துகின்றதா? இல்லை. அதனை மாற்றும் பேச்சில் மகளுக்கு இடமுண்டா? பெரும்பாலும் இல்லை. காரணத்தையாவது அவளுக்கு நேரே கூற முடியுமா? பெண்ணின் உடல் ஓட்டத்தைத் தாங்காது என்பதே பழைய காரணம். வன்னி மண்ணில் நின்று அதனைக் கூறுவதற்கு எவருக்கும் துணிவு வராது. போர் நடந்த ஆண்டுகளில், விரும்பியோ விரும்பாமலோ, இங்குப் பெண்கள் படைக்கலம் ஏந்தினர். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் மூட்டைகளையும் குழந்தைகளையும் சுமந்து நடந்தனர். துணைவரை இழந்தோர் தனித்து நின்று, காடாகிப்போன வளவுகளைத் துப்புரவாக்கி, வயல் விதைத்துக் குடும்பங்களை நிமிர்த்தினர். அப்பொழுதெல்லாம் பெண்ணின் உடல் நொய்யது என்று யாரும் இரங்கவில்லை. சுமையை ஏற்றும்போது வலியதாகத் தோன்றும் உடல், மகிழ்ச்சியைக் கேட்கும்போது மட்டும் நொய்யதாகிவிடுவது எவ்வாறு?

பெற்றோரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. தெருவிளக்கில்லாத வீதியும், நேரத்துக்கு வராத பேருந்தும், வீண்பேச்சு நிறைந்த சந்திகளும் மெய்யானவை. மகள் வீடு திரும்பும் வரை வாசலிற் காத்து நிற்கும் தாயைப் பிற்போக்குவாதி என்று பட்டஞ்சூட்டுதல் எளிது. அதனால் எவருக்கும் பயனில்லை. ஆயினும் வீதி இருண்டிருந்தால் வீதிக்கு விளக்கிடுவதே அறிவுடைமை. ஊர் செய்யவேண்டிய கடமையைச் செய்யாது விட்டு, அதன் விலையைப் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியின் மாலைப் பொழுதிலிருந்து அறவிடுகின்றோம். இது வெறும் மனப்பாங்கின் பிரச்சினை மட்டுமன்று, பொருளாதாரப் பிரச்சினையுமாகும். கூலிவேலைக்குச் சென்ற தாய் களைத்துத் திரும்பும்போது அடுப்பு மூட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எப்பொழுதும் மகளாகவே இருக்கவேண்டும் என்பதுதான் கேள்விக்குரியது.

இன்னொரு முரண்பாட்டையும் காண்க. உலகின் பல நாட்டு வீராங்கனைகள் அணியும் விளையாட்டு உடைகள் இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளிலே தைக்கப்படுகின்றன. போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் அத்தகைய ஆடைத்தொழில் வந்தது. பாடசாலையை விட்ட எமது பெண்கள் பலர் விடியற்காலையிற் பேருந்தேறி இயந்திரங்களின் முன் அமர்கின்றனர். உழைத்து வாழ்வது பெருமைக்குரியது. ஆனால் ஓடுவதற்கென உடை தைப்பவளுக்கு ஓடுவதற்கு ஒரு மணி நேரம் இல்லாமற்போவது உழைப்பின் பெருமையாகாது. ஓய்வு நேரம் யாருக்கு உண்டு என்ற வினாவும் நீதி பற்றிய வினாவே.

இவ்விடத்திற் சிலர் கூறுவர்: "தர்ஜினியைப் போன்ற ஆற்றல் இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? பதக்கம் கொண்டுவரும் பிள்ளையை ஊரே கொண்டாடுமே." இவ்வாதம் தாராளமானதாகத் தோன்றினும் மிகவும் கடுமையானது. வெற்றி பெற்றால் மன்னிப்போம் என்பதே அதன் பொருள். ஆண்பிள்ளைகள் வாய்க்கால் ஓரத்து வெளியிற் பந்தடிக்கும்போது எவரும் அவர்களிடம் பதக்கம் கேட்பதில்லை. ஆடுவது அவர்களுக்கு உரிமை; பெண்பிள்ளைக்கு அது பரிசாகின்றது. 2019இல் லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண வலைப்பந்துப் போட்டியில் இலங்கை 16 அணிகளுள் 15ஆம் இடத்தையே பெற்றது. அத்தொடரில் மிகுதியான கோல்களைப் போட்டவர் தர்ஜினியே. ஸ்பெயினில் நோர்வேயிடம் ஈரான் 41-9 எனத் தோற்றது. ஆயினும் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையாக ஈரானின் கோல் காப்பாளர் ஃபாத்திமே கலீலி தெரிவுசெய்யப்பட்டார். தோற்கும் அணியிலும் மனித ஆற்றல் மலர்கின்றது. அவ்வாறு மலராதவிடத்தும், எந்தப் பரிசும் பெறாத சாதாரணப் பிள்ளையொருத்தி மாலைவெயிலில் மூச்சிரைக்க ஓடிச் சிரிப்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை. ஒரு சமுதாயத்தின் நேர்மையை அது தன் சம்பியனை எவ்வாறு வரவேற்கின்றது என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. என்றுமே சம்பியனாகாத மாணவியை அது மைதானத்தில் நிற்க விடுகின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆசிரியராகிய எமக்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவருக்கும் இதிற் கடமையுண்டு. பெரும் பிரகடனங்கள் வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மைதானத்தின் நேரசூசி வகுக்கப்படும்போது மாணவியரையும் அழைத்து, எந்த நாள், எந்த மணி, எந்த உடை உங்களுக்கு இயலும் என்று கேட்கலாம். பிள்ளைகள் கூட்டமாக வீடு திரும்ப ஒழுங்கு செய்யலாம். பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் இதனைப் பேசலாம். தமையனும் தங்கையும் அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்வதைப் பாடப்புத்தகத்தின் படத்தில் மட்டுமன்றி வீட்டிலும் வேண்டலாம். பிரதேச சபையிடம் தெருவிளக்கைக் கேட்கும் மனுவிற் பாடசாலையின் கையொப்பமும் இடம்பெறலாம்.

கோடுகள் என்றும் இருக்கும். வயலுக்கு வரம்பு வேண்டும். ஆட்டத்துக்கு எல்லை வேண்டும். பிள்ளைகளை வளர்ப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. கோடு கீறும் சுண்ணாம்பு, அதனுள் நின்று ஆடப்போகிறவளின் கையிலும் இருக்கட்டும் என்றே கூறுகின்றோம். அவள் கீறும் கோடு எமது கோட்டைக் காட்டிலும் இறுக்கமாகவும் இருக்கலாம், தளர்வாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் அது அவள் அறிந்து ஏற்ற கோடாக இருக்கும். அறிந்து ஏற்ற விதிக்குக் கட்டுப்படுவதையே சுதந்திரம் என்கின்றோம்.